வீட்டு ஹாலில் ஒரு ‘ராஜி’: பொறி இல்லாமல் மின்னல் எடுத்த கதை

மாறுவேடப் போட்டி நமக்குப் புதிதல்ல. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரதியார் முண்டாசோ கட்டபொம்மன் மீசையோ தேடி அலையாத வீடு ஏது? அதையே கம்ப்யூட்டர் கேம், காமிக்ஸ், அனிமேஷன் கதாபாத்திரங்களை வைத்துச் செய்தால் அதற்குக் காஸ்பிளே என்று பெயர். காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி 1980களில் ஜப்பானியர்கள் உருவாக்கிய சொல் இது. 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் காமிக் கான் விழா நடந்ததிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதில் ஆசை வந்துவிட்டது. விழாக் கூட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு ரகம். கேமில் வரும் காட்சியையே வீட்டுக்குள் உருவாக்கிப் படமெடுப்பது இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை விருதுநகரில் எங்கள் வீட்டு ஹாலில் செய்து பார்த்தோம்.

வேடமிட்டவள் என் அக்கா மகள். அவள் தேர்ந்தெடுத்தது ராஜி. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ கேமின் நாயகி இவள். சர்க்கஸில் வித்தை காட்டும் பெண். தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிச் சென்றுவிட, துர்கை தந்த திரிசூலத்துடன் மீட்கக் கிளம்புகிறாள். 1996-லிருந்து லாரா கிராஃப்டையே பார்த்துப் பழகிய நமக்கு இப்படி ஒரு நாயகி கிடைத்தது நல்ல மாறுதல்தான்.

அக்கா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். “வீட்டுக்குள்ள ஒரு பொறிகூட வரக்கூடாது தம்பி. உடுப்பு பருத்தியா இருக்கணும்.” திரிசூலத்தில் மின்னல் வர வேண்டும், கம்பி மத்தாப்பு கொளுத்தினால் அச்சு அசலாக இருக்குமே என்பது மகளின் திட்டம். அக்கா கேட்கவே மறுத்துவிட்டாள். மருந்து கையாளும் அறையில் செயற்கை இழைத் துணி உரசினால் பிறக்கும் நிலைமின்சாரமே தீப்பிடிக்கப் போதும் என்பதால் அங்கே பருத்தி உடைதான் வழக்கம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவளிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை.

பருத்தியால் போட்டோவுக்கும் லாபம்தான். சாட்டின் துணியில் விளக்கொளி பட்டால் வெள்ளைத் திட்டுகள் விழும். பருத்தியில் நிறம் நிறமாகவே பதியும்.

முதல் வேலை, மாதிரிப் படம் சேகரிப்பது. ராஜி கேமில் காமிரா தூரத்திலேயே நிற்பதால் கதாபாத்திரம் சிறிதாகத்தான் தெரியும். அவள் ஓரளவு அருகில் வரும் இடங்களில் விண்டோஸ் கீயுடன் பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் சேமிக்கப்பட்டிருக்கும்.

திரிசூலத்துக்கு அரை அங்குல பிவிசி குழாய், பழைய காலண்டர் அட்டை, எம்-சீல் போதும். எங்கள் ஊர்ப்பக்கம் அட்டைக்கா பஞ்சம்! சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் கழித்துப் போடும் தங்க ஃபாயில் சுருளில் அச்சில் ஒட்டாத பகுதி நிறைய மிஞ்சியிருக்கும். அதைக் கேட்டு வாங்கிக் கைப்பிடியில் மட்டும் சுற்றினோம். முனைகளுக்குப் பளபளப்பில்லாத பெயின்ட்.

இனி மின்னல். காமிராவையோ செல்போனையோ ட்ரைபாடில் பொருத்தி, புரோ மோடில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 4 வினாடி என்று வையுங்கள். அறை முழு இருட்டாக இருக்க வேண்டும். பின்னால் ஐந்தாறு அடி தள்ளிக் கறுப்புப் போர்வை. ஷட்டர் திறந்ததும் ஒருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச்சை அரை வினாடி மட்டும் அவள்மேல் அடித்து அணைத்துவிட வேண்டும். மிச்ச நேரத்தில் நான் கறுப்புச் சட்டையுடன், நீலக் கண்ணாடித்தாள் சுற்றிய சிறிய எல்இடி விளக்கைக் காமிராவைப் பார்க்கப் பிடித்து, சூலத்தைச் சுற்றி முறித்து முறித்துக் கோடு இழுத்தேன். என்மேல் வெளிச்சம் படாததால் நான் படத்தில் விழவில்லை. கோடு மட்டும் விழுந்தது. அவள் அசையாமல் நிற்பதுதான் கஷ்டம். பதினாறாவது தடவையில்தான் சரியாக அமைந்தது.

ஒரு படத்தில் மின்னல் குறைவாக இருந்தால் இலவச மென்பொருளான கிம்ப்பில் இரண்டு மூன்று படங்களை லேயர்களாகத் திறந்து, மேலுள்ளவற்றின் மோடை ஸ்கிரீன் என்று மாற்றுங்கள். கறுப்பு மறைந்து ஒளிக்கோடுகள் ஒன்று சேரும். இடையில் ட்ரைபாட் நகர்ந்திருக்கக் கூடாது.

விளக்கைப் போட்டு எடுக்கும் சாதாரணப் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் வரும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படம். இந்தக் கேமில் கதை சொல்லும் இடைக்காட்சிகள் நிழற்பாவை பாணியில் வரும். நம் தோல்பாவைக் கூத்துதானே! வெள்ளை வேட்டியை வாசல்நிலையில் சுருக்கமில்லாமல் கட்டினோம். பின்னால் ஏழடி தள்ளி செல்போன் ஃபிளாஷ் விளக்கு. அது சிறு புள்ளியாக இருப்பதால் நிழல் கத்தி நறுக்கியதுபோல விழும்; டியூப் லைட்டில் இது வராது. அவள் வேட்டியை ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். விளக்குப் பக்கம் நகர்ந்தால் நிழல் பெரிதாகி ஓரம் மங்கும். முகம் பக்கவாட்டில் இருந்தால்தான் மூக்கும் நெற்றியும் தெரியும். இதில் அட்டைச் சூலமா, பித்தளைச் சூலமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரின்ட் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 8க்கு 12 அங்குலத்துக்கு 300 டிபிஐ கணக்கில் 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போனே தாங்கும். வம்பு செய்வது நீலம்தான். திரையில் பளிச்சென்ற மின்னல் நீலம், ஆஃப்செட்டின் நான்கு மையில் ஊதாவாக மங்கிவிடும். அச்சகத்து நண்பர் மெஜந்தாவை 100-லிருந்து 65-க்கு இறக்கிக் கொடுத்த பிறகுதான் நீலம் நீலமாக வந்தது. நிழல் படத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை, கறுப்பு மை ஒன்றே போதும். அக்கா தன் வீட்டில் மாட்டக் கேட்டு வாங்கிப் போனதும் அந்தப் படத்தைத்தான்.