ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப்: வாங்கினவங்க கிட்ட கேட்ட கணக்கு



போன ஜூலையில் ஒருநாள் ராத்திரி பதினொண்ணரை மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ரிட்டர்ன் சீசன், அதனால் முழிச்சுதான் இருந்தேன். அனுப்பினது மூணு வருஷமா என்னிடம் ரிட்டர்ன் போடுற ஒரு தம்பி. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, வயசு 28. "அண்ணா, என் லேப்டாப்பை வித்துடலாமான்னு பாக்குறேன். வித்தா எவ்ளோ போகும்?"

அந்த லேப்டாப் எனக்குத் தெரியும். மார்ச்சில் வாங்கினார். 1,68,000 ரூபாய், 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 14,000. கையில் வர்ற சம்பளம் 71,000. "தாங்கும்ணா"ன்னு சொன்னார். கணக்குப் பார்த்தா தாங்கவும் தாங்கும். ஆனா ஜூலை முதல் வாரத்தில் அவர் இருந்த ப்ராஜெக்டையே மூடிட்டாங்க. பெரும்பாக்கத்தில் வாடகை 14,000, ஊருக்கு அனுப்புறது 15,000, சேமிப்புக் கணக்கில் இருந்தது நாற்பதாயிரம். இதோட இன்னும் எட்டு இஎம்ஐ பாக்கி.

அவர் கதைக்குக் கடைசியில் வர்றேன். அந்த மெசேஜுக்கு அப்புறம்தான், இந்த மாதிரி லேப்டாப் வாங்கின என் க்ளையன்ட்ஸ், நண்பர்கள் ஏழெட்டு பேர்கிட்ட உட்கார்ந்து பேசினேன். நான் சொல்ற வகை எதுன்னு தெரியும்ல? தனி கிராஃபிக்ஸ் கார்டு, பின்னாடி ரெண்டு பக்கமும் காத்து போற ஓட்டை, கீபோர்டுல வானவில் லைட். கடையில் "கேமிங்"னு ஒரு ஸ்டிக்கர், "கிரியேட்டர்"னு இன்னொரு ஸ்டிக்கர். விலை ஒண்ணேகால் லட்சத்தில் ஆரம்பிச்சு ரெண்டு லட்சம் வரைக்கும்.

முதல்ல சந்தோஷமா இருக்கிறவர் கதை. ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒருத்தர். பழைய லேப்டாப்பில் இருபது நிமிஷ 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டா ரெண்டு மணி நேரம் ஆகுமாம். நடுவில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் போன் பண்ணி "அந்தப் பாட்டை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னா அன்னைக்குப் பொழுதே போச்சு. 1,55,000 கொடுத்துப் புதுசு வாங்கினார். அதே வேலை இப்போ இருபத்தஞ்சு நிமிஷம். முகூர்த்த மாசங்களில் முன்னாடி வேண்டாம்னு விட்ட வேலையை இப்போ எடுக்கிறார். மாசம் மூணு வேலை கூடுதல், ஒண்ணுக்கு 8,000. கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழு மாசத்தில் போட்ட காசு வந்துடுச்சு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது லேப்டாப்பே கிடையாது, தறி மாதிரி. ஓடினா காசு.

நான் பேசினவங்களில் இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவா சொன்னது அவர் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாரும் சம்பளக்காரங்க. ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் லேப்டாப் இருக்கு. இது சொந்தக் காசில் வாங்கின ரெண்டாவது.

கடைக்காரர் சொல்லாத விஷயங்கள்

எல்லாரும் முதல்ல சொன்னது எடை. லேப்டாப் ரெண்டரை கிலோ, அதோட வர்ற சார்ஜர் செங்கல் சைஸில் இன்னொரு முக்கால் கிலோ. தாம்பரத்தில் இருந்து பார்க் வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தோளில் மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே போற ஒருத்தர், மூணாவது வாரத்தில் அதை வீட்டிலேயே வெச்சுட்டார். சார்ஜரை விட்டுட்டுப் போகலாமான்னா அதுவும் முடியாது. பேட்டரியில் ஓடும்போது இந்த மெஷின்கள் தன்னோட வேகத்தைத் தானே குறைச்சுக்கும். 230 வாட் சார்ஜர் கொடுக்கிற பவரை பேட்டரியால் கொடுக்க முடியாது. அதனால் ப்ளக் இல்லாத இடத்தில் உங்க ஒன்றரை லட்சம் அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் மாதிரிதான் வேலை செய்யும், அதுவும் ரெண்டு மணி நேரத்துக்கு.

அடுத்தது சூடு. மே மாசம், ஏசி இல்லாத ரூம், உள்ளேயே 35 டிகிரி. ஃபேன் உள்ளே இழுக்கிறதே சுடுகாத்துதான். ப்ராசஸர் 95 டிகிரியைத் தாண்டினதும் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும். கொடுத்த காசுக்கு முழு வேகமும் வேணும்னா ரூமுக்கு ஏசி வேணும். வேளச்சேரியில் ஒரு தம்பதி நிஜமாவே அதுக்காக ஏசி வாங்கினாங்க. (மனைவி சொன்னது: "எனக்காகக் கேட்டப்போ அடுத்த வருஷம்னாரு.") படுக்கை மேலேயும் தலையணை மேலேயும் வெச்சு ஓட்டினா காத்து போற வழி அடைபடும். வருஷத்துக்கு ஒருமுறை தூசி தட்டணும், ரெண்டு மூணு வருஷத்தில் தெர்மல் பேஸ்ட் மாத்தணும். எப்பவும் ப்ளக்கிலேயே ஓடுதுன்னா, கம்பெனி கொடுத்த செட்டிங்ஸில் சார்ஜ் 80 சதவீதத்தோட நிக்கிற மாதிரி வெச்சுடுங்க. சூட்டிலேயே நூறு சதவீதம் நிறைஞ்சு கிடக்கிற பேட்டரி சீக்கிரம் வீங்கும்.

இப்போ சொல்லப் போறது, வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு மூணு பேர் சொன்ன விஷயம். கிராஃபிக்ஸ் கார்டோட பேரைப் பார்த்து மட்டும் வாங்காதீங்க. உதாரணத்துக்கு லேப்டாப்பில் வர்ற ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கலாம். அதே பேரில் 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். எவ்வளவு வாட் கொடுக்கணும்னு முடிவு பண்றது லேப்டாப் தயாரிக்கிறவங்க. பார்க்க ஸ்லிம்மா அழகா இருக்கிற மாடலில் பெரும்பாலும் குறைச்சலா இருக்கும். பெட்டி மேல இருக்கிற ஸ்டிக்கர் ரெண்டுக்கும் ஒண்ணேதான். அந்த மாடலோட முழு விவரப் பக்கத்தில் வாட் எண்ணிக்கையைத் தேடுங்க. அப்படியே ரேம் போர்டிலேயே பத்த வெச்சதா, கழட்டி மாத்தக்கூடியதான்னும் பாருங்க. பத்த வெச்ச 16 ஜிபி வாங்கினவர் ரெண்டு வருஷம் கழிச்சு 32 ஆக்க நினைச்சா வழியே கிடையாது.

டேட்டா அனலிஸ்டா இருக்கிற ஒரு தங்கச்சி "ஏஐ கத்துக்கப் போறேன்"னு 1,40,000 போட்டார். கத்துக்கவும் செஞ்சார், பாராட்டணும். ஆனா அவர் படிச்ச கோர்ஸில் எல்லாப் பயிற்சியும் கூகுள் கோலாப்பில். அங்கே ஒரு அளவு வரைக்கும் கிராஃபிக்ஸ் ப்ராசஸரே இலவசமா கிடைக்கும், ப்ரௌசர் இருந்தா போதும். பெரிய மாடலை ஓட்டிப் பார்க்கலாம்னு ஆசைப்பட்டப்போ கார்டில் இருக்கிற 8 ஜிபி மெமரி பத்தலை. சின்னதுக்கு இது தேவைப்படலை, பெரிசுக்கு இது போதலை.

நோ-காஸ்ட்டுக்கும் ஒரு காஸ்ட் இருக்கு

சரி, என் ஏரியாவுக்கு வருவோம். வட்டியே இல்லாத இஎம்ஐன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, வட்டி எவ்வளவோ அதைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியா குறைப்பார், பேங்க் அதே வட்டியை உங்ககிட்ட வசூல் பண்ணும். 1,50,000 ரூபாய் லேப்டாப், 12 மாசம், 16 சதவீத வட்டின்னு வெச்சுக்கோங்க. வட்டி மொத்தம் சுமார் 12,230. அது தள்ளுபடியில் கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 2,200 ரூபாய், உங்க தலையில். ப்ராசஸிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் தனி. இதைவிட முக்கியமா, முழுப் பணம் கட்டுறவங்களுக்கு ஏதாவது கூடுதல் டிஸ்கவுன்ட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா நீங்க இழக்கிற அந்தத் தொகைதான் உண்மையான வட்டி.

நேர்மையா இன்னொரு கணக்கும் சொல்லணும், இது என்னையே ஆச்சரியப்படுத்தின கணக்கு. 1,50,000-க்கு வாங்கி நாலு வருஷம் ஓட்டி 45,000-க்கு விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். மாசத்துக்கு 2,190 ரூபாய் ஆகுது. 65,000 ரூபாய் சாதா லேப்டாப்பை அதே நாலு வருஷம் ஓட்டி 15,000-க்கு வித்தா மாசம் 1,040. வித்தியாசம் 1,150 ரூபாய். ரெண்டு பேர் ஒருமுறை படத்துக்குப் போய்ட்டு பிரியாணி சாப்பிட்டா முடிஞ்சது. கேம் விளையாடுறது உங்களுக்கு உண்மையாவே பிடிக்கும்னா, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் சந்தோஷமா இருக்கீங்கன்னா, 1,150 ரூபாயை வீண்செலவுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நீங்க கட்டுறது மாசம் 1,150 இல்லையே. முதல் வருஷம் மாசம் 12,500. நாலு வருஷத்துச் செலவை ஒரே வருஷ சம்பளம் தாங்கணும்.

அப்புறம் எல்லாரும் கேக்கிற கேள்வி: "டாக்ஸ்ல காட்டலாமா?" சம்பள வருமானத்துக்கு எதிரா முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் உங்களுக்கு, புது முறையில் 75,000. லேப்டாப் பில்லை ஃபைல் பண்ணி வெச்சு ஒரு பிரயோஜனமும் இல்லை, வாரண்டிக்கு மட்டும் உதவும். தனியா தொழில் வருமானம் இருந்து, அதுக்குக் கணக்கு எழுதுறீங்கன்னா வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம், வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா அதில் பாதி. ஜிஎஸ்டி பதிவும் இருந்தா, பில்லில் உங்க ஜிஎஸ்டி எண் போட்டு வாங்குங்க. 1,50,000-ல் 22,881 ரூபாய் ஜிஎஸ்டிதான், அது கிரெடிட்டா கிடைக்கும். பர்சனல் பேர்ல பில் போட்டுட்டு மார்ச் மாசம் என்கிட்ட கொண்டு வராதீங்க, ப்ளீஸ்.

பலருக்குத் தெரியாத ஒண்ணு. ஆபீஸ் உபயோகத்துக்குக் கொடுக்கிற லேப்டாப்புக்கு உங்க கையில் வரி இல்லை. சில கம்பெனிகள் மூணு வருஷம் ஆன மெஷினை ஊழியருக்கே கொடுத்துடுவாங்க. அப்போ வாங்கின விலையில் முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் பாதிப் பாதியா குறைச்சுக் கணக்குப் போடுவாங்க. 1,60,000 மெஷின் மூணு வருஷத்தில் 20,000. உங்ககிட்ட 5,000 வாங்கினா, மிச்சம் 15,000 சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். 30 சதவீத ஸ்லாபில் இருந்தாலும் செஸ்ஸோட 4,680. ஒன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு நல்ல மெஷின். எச்ஆர் கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

என் காபி

மத்தவங்களை மட்டும் சொன்னா எப்படி? சேனல் எடிட்டிங்குக்கு நானும் ஒண்ணு வாங்கினேன், 1,45,000. விபத்துப் பாதுகாப்பு ப்ளான் ஆறாயிரம் ரூபாய் கேட்டாங்க. ஆடிட்டர் புத்தி, வேண்டாம்னேன். பதினாலாவது மாசம் ஃபில்டர் காபி அரை டம்ளர் கீபோர்டு மேல. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டே மாத்தணும், 58,000-ன்னாங்க. சாதாரண வாரண்டி இருந்திருந்தாலும் காபிக்குச் செல்லாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருத்தர் போர்டைக் கழட்டி, கழுவி, எரிஞ்சு போன ரெண்டு பாகத்தை மட்டும் மாத்தி 9,500-க்கு உயிர் கொடுத்தார். இடது பக்க யுஎஸ்பி மட்டும் இன்னைக்கு வரைக்கும் வேலை செய்யாது. இந்த வகை மெஷினுக்கு அந்த ஆறாயிரத்தையும் விலையோட சேர்த்தே பாருங்க.

இனி அந்தத் தம்பி. நான் "வித்துடுங்க"ன்னு சொன்னேன். பழைய பொருள் நாளாக ஆக விலை இறங்கும், மாசம் 14,000 நின்னா மூச்சு விடலாம், அதுதான் என் கணக்கு. 1,02,000-க்கு ஒரு காலேஜ் பையன் வாங்கிட்டார். பேங்கில் இஎம்ஐயை முன்கூட்டியே மூட, கட்டணமும் சேர்த்து 1,09,000 சொச்சம் ஆச்சு. ஏற்கெனவே கட்டினது 56,000. ஆக நாலு மாசம் வெச்சிருந்ததுக்கு அறுபத்து மூவாயிரத்துக்கு மேல.

ரெண்டு நாள் கழிச்சு போன். "அண்ணா, நாளைக்கு ஒரு கம்பெனில ஆன்லைன் கோடிங் டெஸ்ட். எதுல எழுதுறது?"

ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாச்சு. சொந்த லேப்டாப்பை என் பேச்சைக் கேட்டு வித்தாச்சு. வேலை தேடுறவருக்கு லேப்டாப் வேணும்ங்கிற விஷயம் எனக்குத் தோணவே இல்லை. அன்னைக்கு என் யுஎஸ்பி வேலை செய்யாத மெஷினைத்தான் பைக்கில் கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த வாரமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸ்களில் இருந்து கழிச்சு வர்ற பழைய லேப்டாப் ஒண்ணு 24,000-க்கு வாங்கினோம். வெப்கேம் நல்லா இருக்கான்னு கடையிலேயே வீடியோ கால் போட்டுப் பார்த்துட்டுத்தான் காசு கொடுத்தோம்.

அக்டோபர் கடைசியில் வேலை கிடைச்சது, சம்பளம் முன்ன விட நாலாயிரம் கம்மி. பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ஸில் இருந்து கூப்பிட்டார். பழைய மெஷின் எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"அதுல எந்த கேமும் ஓடலண்ணா. ஆனா மடியில வெச்சா சுடல."