நாற்று வாங்கும்போது வேரைப் பாருங்கள்

பாலவாக்கம் போன்ற சென்னைக் கடலோரப் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் போடுவோர் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை விலைக்கு வாங்கி நடுவதுண்டு. அருகிலேயே வளர்த்த நாற்று அவ்விடத்து வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் பழகியிருக்கும். பிடுங்கிய அன்றே நட்டுவிடவும் இயலும். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை.

மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு எளிதில் பெருகும். கண்ணுக்குத் தெரியாத இப்புழு நாற்றின் வேரோடு தோட்டத்திற்குள் வந்துவிட்டால், அதை அடியோடு ஒழிப்பது அரிது. செடி வளர்ச்சி குன்றும். நீர் ஊற்றினாலும் பகலில் வாடும்.

எனவே, நாற்றங்காலில் இரண்டொரு நாற்றைப் பிடுங்கி, வேரை நீரில் அலசிப் பாருங்கள். முடிச்சுகள் தென்பட்டால் அந்த நாற்றங்காலில் எதையும் வாங்காதீர்கள். தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்த நாற்றில் இத்தொல்லை குறைவு.

அடுத்து, வயதைக் கேளுங்கள். தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள் நாற்றாக இருத்தல் நலம். பூத்துவிட்ட நாற்று வயது கடந்தது, விளைச்சல் குறையும். இலை சுருண்ட நாற்றும் வேண்டாம். மாலையில் நட்டு, உடனே நீர் ஊற்றுங்கள்.

வெண்டை, கொத்தவரை, பாகல் ஆகியவற்றிற்கு நாற்று தேட வேண்டியதில்லை. விதையை நேரே ஊன்றலாம்.

நல்ல நாற்று அருகில் கிடைக்காவிட்டால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 தக்காளி போன்ற ரகங்களின் விதையை வாங்கி, குழித்தட்டில் நீங்களே நாற்று விடலாம். முடிச்சு ஏற்கெனவே கண்ட பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி நடுங்கள், நூற்புழு குறையும்.