நெடுந்தூர நடையும் மிதிவண்டிப் பயணமும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி மக்களுக்கான வழிகாட்டல்

பூவிருந்தவல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் செல்லும் பாதை, நெடுங்காலமாக மக்கள் கால்நடையாகச் சென்ற பாதையாகும். திருக்கச்சி நம்பிகள் இவ்வழியே காஞ்சிக்கு நடந்து சென்று தொண்டாற்றினார் என்பது வைணவ மரபு. இன்று அதே தடத்தில் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை அமைந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய தொழிற்பூங்காக்களுக்குச் செல்லும் சரக்கு வாகனங்களும் பணியாளர் பேருந்துகளும் இரவும் பகலும் இப்பகுதிச் சாலைகளில் ஓடுகின்றன. எனவே, இங்கு நெடுந்தூரம் நடக்க விரும்புவோர் உடலை மட்டுமன்றிச் சாலையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எவ்வளவு பயிற்சி தேவை?

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பாகும். உற்பத்திக் கூடத்தில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பணியாற்றுவது களைப்பைத் தரும். ஆயினும் அது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் உரிய பயிற்சியாகாது.

எந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

• 8 கிலோமீட்டர் நடை: தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. இதன்கீழ் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் இத்தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கடக்கலாம்.

• வல்லக்கோட்டை: ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையிலுள்ள வல்லக்கோட்டை முருகன் கோயில், சில வாரப் பயிற்சிக்குப் பின் நடந்து செல்ல ஏற்ற இலக்காகும்.

• மிதிவண்டி: சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திற்குள் அடையலாம். பிள்ளைகள் பள்ளியில் பெற்ற விலையில்லா மிதிவண்டி இதற்குப் போதுமானது. தடை, சக்கரக் காற்று, இருக்கையின் உயரம் ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே முழுத் தூரத்தையும் முயலாதீர்கள். 2 அல்லது 3 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சாலையில் கடைப்பிடிக்க வேண்டியவை

• நடைமேடை இல்லாத சாலையில் வலப்புறம், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு நடக்கவும். மிதிவண்டியில் செல்வோர் இடப்புறமே செல்ல வேண்டும்.
• கண்டெய்னர் லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டிச் செல்லாதீர்கள். லாரி திரும்பும்போது அப்பக்கத்தில் இருப்பவர் ஓட்டுநரின் பார்வைக்குத் தென்படமாட்டார். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை எனில், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை எனக் கொள்ளுங்கள்.
• வண்டலூர் – வாலாஜாபாத் சாலை குறுக்கிடும் ஒரகடம் சந்திப்பு போன்ற இடங்களில் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிச் சென்று கடப்பதே நன்று.
• விடியலுக்கு முன்னும் இரவிலும் வெளிர்நிற உடை, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, மிதிவண்டி விளக்கு ஆகியவை இன்றியமையாதவை. மிதிவண்டியில் தலைக்கவசம் அணியவும்.
• ஷிப்ட் மாறும் நேரங்களைத் தவிர்க்கவும். இரவுப்பணி முடிந்தவுடன் நெடும்பயணம் தொடங்க வேண்டாம். உறக்கமின்மை கவனத்தைக் குறைக்கும். முதலில் உறங்கி எழுங்கள்.

வெயிலும் நீரும்

கோடையில் காலை 8 மணிக்குள் பயணத்தை முடித்துவிடுவது நல்லது. காலை 11 முதல் மாலை 4 மணி வரை நெடுந்தூரப் பயிற்சி கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்தவும். மிகுதியாக வியர்த்தால் மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் (ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை முழுமையாகக் கரைத்தது) அருந்தலாம்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு தோன்றினால் உடனே நிழலில் அமருங்கள். குழப்பமான பேச்சு, மயக்கம், கொதிக்கும் உடல்வெப்பம் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகளாகும். அது உயிருக்கு ஆபத்தானது. 108-ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை உடலில் நீர் ஊற்றி விசிறிக் குளிர்விக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதையும் கொடுக்கக் கூடாது.

மருத்துவரை முன்னதாக அணுக வேண்டியவர்கள்

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி உள்ளவர்களும், கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரின் ஆலோசனை பெற்றுத் தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுப் பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் கையில் சர்க்கரை அல்லது மிட்டாய் வைத்திருக்கவும். வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம், காயம் உள்ளதா எனப் பார்க்கவும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 'வாயுவாக இருக்கும்' எனக் கருதித் தாமதிக்காதீர்கள். உடனே நின்று 108-ஐ அழையுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104-ஐத் தொடர்பு கொள்ளலாம்.

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அதில் இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. புறப்படுமுன், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடமோ விடுதியில் உடன் தங்கியிருப்பவரிடமோ தெரிவித்துச் செல்லுங்கள்.