அயர்லாந்தின் இரண்டு வாக்கெடுப்புகள்

தேர்தல் என்றவுடன் யார் நின்றார், யார் வென்றார் என்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம். வாக்குகள் எம்முறையில் எண்ணப்படுகின்றன என்று கேட்பவர் அரிது. ஆனால் ஒரே மக்கள் ஒரே நாளில் அளித்த வாக்குகளை இருவேறு முறைகளில் எண்ணினால் இருவேறு அரசுகள் அமையக்கூடும். எனவே எண்ணும் முறையை மாற்றும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பது சிறிய வினா அன்று. இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்த நாடு அயர்லாந்து. 1959-லும் 1968-லும் அந்நாட்டின் ஆளுங்கட்சி தேர்தல் முறையை மாற்ற முயன்றது. இருமுறையும் மக்களைக் கேட்க வேண்டியிருந்தது. இருமுறையும் மக்கள் மறுத்துவிட்டனர். அரசியல் அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்த இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விழைகின்றேன்.

முதலில் அவர்களுடைய முறை இன்னதென்று அறிய வேண்டும். அதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் பின்பற்றப்படுவது இம்முறைதான். 1986-ஆம் ஆண்டு வரை இருந்த தமிழகச் சட்டமேலவையின் பட்டதாரித் தொகுதிகளிலும் ஆசிரியர் தொகுதிகளிலும் 1, 2, 3 என்று எண்ணிட்டே வாக்களித்தனர். 1969-இல் வி. வி. கிரி முதல் விருப்ப வாக்குகளால் மட்டும் வெற்றி பெறவில்லை. மற்ற வேட்பாளர்களின் வாக்குச் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களையும் எண்ணிய பிறகே அவர் தேவையான அளவைக் கடந்தார்.

அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு ஒருவர் அல்லர். குறைந்தது மூன்று உறுப்பினர்கள். மூன்று இடங்கள் உள்ள ஒரு தொகுதியில் செல்லத்தக்க வாக்குகள் 40,000 என்று கொள்வோம். இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரும் நான்கால் 40,000-ஐ வகுத்து, விடையோடு ஒன்றைச் சேர்த்தால் 10,001. இதுவே வெற்றிக்கான அளவு. இவ்வளவு வாக்குகளை மூவர்தாம் பெற முடியும். நான்காமவர் பெற 40,004 வாக்குகள் வேண்டும். ஒருவர் முதல் விருப்பமாக 13,000 பெற்றுவிட்டால், அவருக்கு வேண்டாத 2,999 வாக்குகள் இரண்டாம் விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். ஒரு குடம் நிறைந்தபின் வழியும் நீர் அடுத்த குடத்தில் விழுவது போன்றது இது. எவரும் அளவை எட்டாதபோது கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்தின்படி பகிர்ந்தளிப்பர். இதன் பயன் யாது? நாலில் ஒரு பங்கினர் ஒன்றுபட்டு நின்றால் அவர்களுக்கு ஓர் இடம் உறுதி. ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்கும் தொகுதியில் அதே நாலில் ஒரு பங்கினருக்கு எதுவும் கிடைக்காமலே போகலாம்.

இம்முறை அயர்லாந்தில் முதன்முதலாக 1919 ஜனவரியில் ஸ்லைகோ என்னும் நகரின் நகராட்சித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மையினர்க்குப் பாதுகாப்பாக இருக்கும் என்றெண்ணிப் பிரிட்டிஷ் அரசு 1920-இல் தீவு முழுமைக்கும் இதை விரிவாக்கிற்று. விடுதலை பெற்ற தெற்கு அயர்லாந்தும் இதையே ஏற்றுக்கொண்டது. 1937-இல் ஈமன் டி வலேரா உருவாக்கிய அரசியலமைப்புச் சட்டம், ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பெயர் சொல்லியே எழுதி வைத்தது. அந்த அரசியலமைப்பிலிருந்துதான் நம் நாட்டவர் அரசு வழிகாட்டு நெறிகளைப் பெற்றனர் என்பது நம் பாடநூல்களில் உள்ள செய்தி. அதைத் திருத்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியே தீரவேண்டும். பின்னாளில் டி வலேராவின் கையைக் கட்டிய கயிறு அவரே திரித்த கயிறு.

அவர் மனம் மாறியது ஏன்? அவருடைய பியன்னா பாயில் கட்சி எப்போதும் பெரிய கட்சியாக இருந்தும் பல தேர்தல்களில் பெரும்பான்மைக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. 1937-இல் 138 இடங்களில் சரியாகப் பாதி, 69. 1943-இல் 67. இருமுறையும் அடுத்த ஆண்டே மறுதேர்தல் நடத்திப் பெரும்பான்மை பெற்றார். ஆனால் 1948-இல் 147-இல் 68 இடங்களே கிடைத்தன. எதிர்க்கட்சிகள் பலவும் சுயேச்சைகளும் ஒன்றுசேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கின. 1954-இலும் இவ்வாறே கூட்டணி அரசு வந்தது. இரண்டு கூட்டணிகளும் முழுக்காலமும் நிலைக்கவில்லை. 1957-இல் 78 இடங்களுடன் மீண்டும் ஆட்சிக்கு வந்த டி வலேரா, இனி ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர் என்னும் நம் நாட்டு முறையே போதும் என்றார். அதற்கு 'நேர் வாக்கு' என்று பெயரிட்டனர். பெயர் வைப்பதிலேயே பாதிப் பிரசாரம் முடிந்துவிடும் என்பதை அரசியல்வாதிகள் எந்நாட்டிலும் அறிவார்கள் போலும்! 'நேர்' என்றால் மற்றது கோணல் என்றாகிவிடுகிறது அல்லவா?

விவாதம் சூடாக நடந்தது. விகிதாசார முறை சிறு கட்சிகளைப் பெருக்கும். தேர்தலுக்குமுன் மக்கள் காணாத கூட்டணிகள் தேர்தலுக்குப்பின் மூடிய அறையில் உருவாகும். நிலையான அரசு அமையாது. ஒரே கட்சியின் வேட்பாளர்களே ஒருவரோடொருவர் போட்டியிட்டுத் தொகுதியின் சில்லறைக் காரியங்களிலேயே காலம் கழிப்பர் என்று அரசு தரப்பினர் வாதிட்டனர். இவற்றில் கடைசி வாதம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். முதல் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நம் அரசியல் நிருணய சபையிலும் 1949 ஜனவரியில் விகிதாசார முறை பேச்சுக்கு வந்தபோது, நிலையான அரசு வேண்டும் என்பதை முன்வைத்தே அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது பொருந்தாது என்பதும் அவர் கருத்து.

எதிர்க்கட்சிகளான பினே கேலும் தொழிற்கட்சியும் வேறொரு கேள்வியைக் கேட்டன. நாட்டில் ஒரே ஒரு பெரிய கட்சி. எதிரே சிதறிக் கிடக்கும் சிறிய கட்சிகள். இந்நிலையில் நேர் வாக்கைக் கொண்டுவந்தால் பாதிக்கும் குறைந்த வாக்குகளைக் கொண்டே ஒரு கட்சி நிரந்தரமாக ஆளுமே? இதற்குச் சான்று தேடி அவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லைக்கு வடக்கே, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வட அயர்லாந்தில், யூனியனிஸ்ட் அரசு உள்ளாட்சித் தேர்தல்களில் 1922-இலும் சட்டமன்றத் தேர்தல்களில் 1929-இலும் விகிதாசார முறையை நீக்கியிருந்தது. டெரி நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர்; ஆயினும் வட்டங்களின் எல்லைகளை வரைந்த சாமர்த்தியத்தால் நகராட்சி மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. வடக்கிலுள்ள தம் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று தெற்கிலே கண்டித்துப் பேசியவர்கள், அதே மாற்றத்தைத் தம் வீட்டிலும் செய்வது எங்ஙனம் நியாயமாகும்? இக்கேள்விக்கு அரசுத் தரப்பில் நிறைவான விடை எதையும் நான் காணவில்லை.

1959 மார்ச்சில் மேலவை இம்மசோதாவை ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தள்ளியது. ஆனால் மேலவையால் தாமதம் செய்ய முடியுமேயன்றித் தடுக்க முடியாது. வாக்கெடுப்பு ஜூன் 17-இல் வந்தது. அதே நாளில் குடியரசுத் தலைவர் தேர்தலும் வைக்கப்பட்டது. வேட்பாளர் டி வலேரா! எழுபத்தாறு வயது, விடுதலைப் போரின் வீரர், முப்பதாண்டுகளுக்கும் மேலாக நாட்டின் முதன்மைத் தலைவர்களில் ஒருவர். அவருக்கு விழும் வாக்கோடு திருத்தத்துக்கும் 'ஆம்' விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மக்கள் இரண்டு சீட்டுகளையும் தனித்தனியே படித்தனர். டி வலேராவுக்கு 5,38,003 வாக்குகள்; நூற்றுக்கு 56 பேர் அவரை விரும்பினர். திருத்தத்துக்கோ ஆதரவு 4,53,322, எதிர்ப்பு 4,86,989. வேறுபாடு 33,667 வாக்குகள்தாம். தலைவரைத் தோளில் தூக்கியவர்களுள் பல்லாயிரவர் அவர் கேட்டதை மட்டும் கொடுக்க மறுத்தனர் என்பதை இவ்வெண்களைக் கொண்டே அறியலாம். தலைவர் மீது கொண்ட அன்பும் தலைவர் சொல்வதெல்லாம் சரி என்னும் எண்ணமும் ஒன்றல்ல என்று பிரித்தறிந்த இந்தச் செயலை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன்.

ஒன்பதாண்டு கழித்து, ஜாக் லிஞ்ச் பிரதமராக இருக்கையில் அதே கட்சி அதே திருத்தத்தை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை தொகுதிகளின் மக்கள்தொகையில் முன்னிலும் கூடுதலான ஏற்றத்தாழ்வுக்கு இடமளிக்கும் இன்னொரு திருத்தமும் உடன் சேர்ந்தது. அப்போது வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டது. நேர் வாக்கு வந்தால் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் அரசியல் ஆசிரியர்கள் திரையில் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆளுங்கட்சிக்கு மிகப்பெரும் பெரும்பான்மை என்று அக்கணக்கு சொல்லிற்று. ஆளுங்கட்சிக்கு இதைவிடத் தீங்கான பிரசாரம் வேறென்ன வேண்டும்? அக்டோபர் 5-ஆம் நாள் டெரி நகரில் குடியுரிமை ஊர்வலம் சென்றவர்களைக் காவலர் தடியால் அடித்த காட்சியையும் மக்கள் அதே திரையில் பார்த்தனர். அதனால்தான் முடிவு இப்படி ஆயிற்று என்று துணிந்து கூற எனக்கு ஆதாரமில்லை. ஆயினும் அக்டோபர் 16-இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 60.8 பேர் 'இல்லை' என்றனர். 1959-இல் மயிரிழையில் தோற்றது இப்போது மண்ணைக் கவ்வியது. வடக்கிலும் 1973-இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு ஒற்றை மாற்று வாக்கு மீண்டும் வந்தது.

அதன்பின் எந்த அரசும் நேர் வாக்கை மக்கள்முன் கொண்டுபோகவில்லை. 1989 முதல் தனிக்கட்சிப் பெரும்பான்மை என்ற பேச்சே அங்கில்லை, கூட்டணிகளே ஆள்கின்றன. சில கவிழ்ந்தன, சில முழுக்காலமும் நிலைத்தன. நாடு ஒன்றும் சிதறிவிடவில்லை.

நம் முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1984-இல் காங்கிரசு நூற்றுக்கு 50-க்கும் குறைந்த வாக்குகளைக் கொண்டு மக்களவையில் 400 இடங்களைக் கடந்தது. 2014-இல் பாரதிய ஜனதா கட்சி 31 விழுக்காட்டு வாக்குகளுடன் 282 இடங்களைப் பெற்றது. இதில் எக்கட்சியின் குற்றமும் இல்லை. எண்ணும் முறையின் இயல்பு அது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அயர்லாந்தின் முறை அப்படியே பொருந்தும் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் நம் எண்ணும் முறையைப் பற்றி நம்மை எவரும் தனியாக ஒரு வாக்குச் சீட்டில் கேட்டதில்லை.

டி வலேராவின் கட்சிக்குப் பின்னர் நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நடந்த 2011 தேர்தலில் பியன்னா பாயில் கட்சி 17.4 விழுக்காட்டு வாக்குகளே பெற்று, 166 இடங்களில் 20-ஐ மட்டும் காப்பாற்றிக்கொண்டது. இருமுறை தான் கேட்ட நேர் வாக்கு கிடைத்திருந்தால் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்கள்கூட அன்று அதற்குத் தேறியிருக்குமா என்பது ஐயமே. அந்த 20 பேரை வைத்துக்கொண்டு மீண்டெழுந்த அக்கட்சி, 2024 நவம்பர் தேர்தலில் 48 இடங்களுடன் அவையின் முதற்கட்சியாயிற்று.