வீட்டுப் பிரசவமா, மருத்துவமனையா? பிங்க் புத்தகத்தின் அட்டையே பாதிப் பதிலைச் சொல்லும்

"நான் ஏழு பெத்தேன். ஏழும் லயத்து வீட்டுலதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்?"

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமார் உள்ள வீடுகளில், பேத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பாட்டி சொல்வது பொய்யல்ல. ஆனால் அதே லயத்தில் நாலு வீடு தள்ளி, பிள்ளை பெற்ற இரவே இறந்துபோன ஒருத்தியின் கதையும் பல பாட்டிமாருக்குத் தெரியும். கேட்டால்தான் சொல்வார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்த 1957-ஆம் ஆண்டில், ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது 30-ஐ ஒட்டி வந்துவிட்டது. பெரிய மருத்துவமனைகள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. கம்பத்துக்குக் கம்பம் அரசாங்கம் அனுப்பிய பயிற்சி பெற்ற பிடான்களுக்கும், சிக்கல் வந்தால் உடனே மேலே அனுப்பும் ஏற்பாட்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே மருத்துவச்சி வேண்டுமா, டாக்டர் வேண்டுமா என்பது சரியான கேள்வி அல்ல. கை கழுவிப் பிள்ளை பிடிக்கத் தெரிந்தவர் யார், ரத்தம் நிற்காவிட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்வார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இன்று வீட்டில் பிரசவம் பார்ப்பேன் என்று சொல்லுகிறவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. 1966-ஆம் ஆண்டின் பிடான் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் பிரசவம் பார்க்கலாம். அரசாங்க கிளினிக்கின் தாதிகளும் முறையாகப் பதிவு பெற்ற மருத்துவச்சிகளும் இதில் அடங்குவர். டூலா என்று அழைக்கப்படுகிறவர் வேறு. பிரசவ வலியின்போது பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வதும், முதுகு தேய்த்துவிடுவதும் அவர் வேலை. அது நல்ல வேலைதான். ஆனால் பிள்ளை பிடிக்கும் பயிற்சியோ உரிமையோ அதனால் அவருக்கு வந்துவிடாது. காணொளி பார்த்துக் கணவரே பிரசவம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, யாருக்கு வீட்டில் பெறுவதை யோசிக்கவாவது இடம் உண்டு? கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தின் அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு. மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். பச்சைக்குக் கிளினிக் டாக்டரின் கவனம் தேவை. வெள்ளை என்றால் தாதியே தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் வெள்ளை ஒட்டியவர்கள் எல்லாரும் வீட்டில் பெறலாம் என்று அர்த்தமில்லை. முதல் பிரசவம், ஆறாவது அல்லது அதற்கு மேற்பட்ட பிரசவம், 145 சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரம் போன்றவை இருந்தால் மருத்துவமனைதான். நிறம் மாறவும் செய்யும். ஏழாம் மாதம் வரை வெள்ளையாக இருந்தவருக்கு எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறினால் அட்டை நிறமும் மாறிவிடும்.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது சர்க்கரை. இந்நாட்டில் இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம். கர்ப்பத்தில் வரும் சர்க்கரையும் அப்படியே நம் பெண்களை விடாமல் துரத்துகிறது. கிளினிக்கில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுக்கும் நாளில், குமட்டுகிறது என்று சிலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பிள்ளை பெருத்துவிடும். தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். அந்த நேரத்தில் கைகள் நிறைய வேண்டும். கட்டிலில் ஒரு தாதியும் வாசலில் ஒரு மாமியாரும் போதாது.

முதல் பிள்ளையை ஆப்பரேஷனில் பெற்றவர்களில் சிலர், மறுபடியும் வயிற்றைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வீட்டை நாடுகிறார்கள். பயம் நியாயமானது, முடிவு ஆபத்தானது. பழைய தழும்பு வலியின்போது விட்டுப்போனால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். அவர்களிலும் பலர் சுகப்பிரசவமாகப் பெறலாம். ஆனால் அதை ஆப்பரேஷன் அறை பக்கத்தில் உள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ரத்தப்போக்கு. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை கல்லாக இறுகினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால் பாய் நனையும், பிறகு மெத்தை நனையும். நல்ல உடம்புக்காரி, நாலாவது பிள்ளை, முன்பு ஒரு சிக்கலும் இல்லை என்பதெல்லாம் அப்போது உத்தரவாதம் ஆகாது; ரத்தம் அதிகம் போகிற பலருக்கு முன்கூட்டி எந்த அடையாளமும் இருப்பதில்லை. தொடையில் உடனே போடும் ஊசி பெரும்பாலும் அதைத் தடுக்கும். அதற்கும் நிற்காவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும், சில நேரம் ஆப்பரேஷன் வேண்டும். வீட்டில் ஊசி இருக்கலாம், ரத்த வங்கி இருக்காது.

ஆகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தின் உள்ளே மண் சாலையில் இருபது நிமிடம், பெரிய சாலைக்கு வந்த பிறகு முக்கால் மணி நேரம் என்றால், அந்த வீடு பிரசவத்துக்கு ஏற்ற வீடு அல்ல. தூரம் அதிகம் என்பதால் வீட்டிலேயே பெற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் தூரம்தான் அதற்கு எதிரான முதல் காரணம். அப்படிப்பட்டவர்கள் நாள் நெருங்கும்போது டவுனில் உள்ள உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது.

பிள்ளையின் பக்கமும் ஒன்று உண்டு. இங்கே மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இரண்டு சோதனை செய்கிறார்கள்: ஒன்று தைராய்டு, மற்றொன்று ஜி6பிடி. ஜி6பிடி குறைவான பிள்ளை உள்ள வீட்டில் துணிக்கு அந்துருண்டை போட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றலாம். வீட்டில் பிறந்து இந்தச் சோதனை விட்டுப்போனால், அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த பழைய சேலையில்தான் தொட்டில் கட்டுவோம்.

மருத்துவமனை மீதுள்ள குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வலியில் கத்தினால் திட்டு வாங்கியதாகவும், கேட்காமலே கீறித் தைத்ததாகவும், மலாய் சரியாக வராததால் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை என்றும் பெண்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வீட்டை நாடுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவத்தை வெறுத்து வரவில்லை, அவமானத்துக்கு அஞ்சித்தான் வருகிறார்கள். இதற்கு வழி, எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைப்பது. கணவர் உள்ளே வரலாமா, நடக்கவும் உட்காரவும் விடுவார்களா, கீறுவதற்கு முன் சொல்வார்களா? கணவரை அனுமதிக்கும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. சில இடங்களில், அபாயம் குறைந்தவர்களுக்கென்று மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவ மையங்களும் உண்டு. வீட்டைப் போல அமைதியாக இருக்கும்; அவசரமென்றால் மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடும் இருக்கும். உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று கிளினிக் தாதிக்குத் தெரியும்.

காகிதம் இன்னொரு விஷயம். அடையாள அட்டை இல்லாத நம்மவர்களுக்காக 2011-இல் மைடாஃப்தார் இயக்கம் நடத்த வேண்டி வந்தது நினைவிருக்கும். வீட்டில் பிறந்து, யாரும் பதியாமல் விட்டதும் அந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். மருத்துவமனையில் பிறந்தால் பிறப்பை உறுதிசெய்யும் பாரம் கையோடு கிடைக்கும். வீட்டில் பிறந்தால் அதைப் பதிவிலாகாவில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பிங்க் புத்தகமும் பிரசவம் பார்த்த பதிவு பெற்ற மருத்துவச்சியின் உறுதிப்பாடும் அங்கே பெரிய துணை. கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதியாமல் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறியாகும். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மருத்துவமனைக் கட்டணமும் ஆயிரக்கணக்கான வெள்ளியில் வரும் என்பதால்தான் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் பெறுகிறார்கள். முதலில் திருமணத்தைப் பதியுங்கள், அதுவும் பிள்ளை பிறக்கும் முன்பே.

எங்கே பெற்றாலும் வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக் தாதி வந்து பார்ப்பார். பிள்ளையின் காமாலையையும் தாயின் தையலையும் ரத்தப்போக்கையும் கவனிப்பார். பத்தியமும் மருந்துச் சரக்கும் தேய்த்துக் குளிப்பதும் அவருக்குத் தெரியட்டும், ஒளிக்க வேண்டாம். பச்சைப்பிள்ளைக்குக் கஷாயம் மட்டும் புகட்டாதீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், போகும் முன்பே அந்த முகவரியைக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தாதி பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார். மஞ்சள் ஏறிய பிள்ளை இன்னொரு ஊரில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும்.