வாசலில் மிதந்த வெள்ளைப் பூதம்

ஐப்பசி அடைமழை ஒருவாறு ஓய்ந்திருந்த ஓர் இரவில், தலைமாட்டில் கிடந்த கைப்பேசி கிணுகிணுக்க, வாசலில் மாட்டியிருக்கும் சிசிடிவி கேமரா எவனையோ கண்டுவிட்டது என்று பதறி எழுந்து பார்த்தால், கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே, தலையும் காலும் இல்லாத வெள்ளை உருவம் ஒன்று சாவகாசமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. பேய் பிசாசுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் அந்த க்ஷணத்தில் என் பகுத்தறிவு சற்று ஆட்டம் கண்டது உண்மை. டார்ச்சும் கையுமாகப் போய்ப் பார்த்தேன். கேமராவின் முகப்பிலிருந்து தொங்கிய சிலந்தி இழையில், ஈசல் ஒன்று சிக்கி ஊசலாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த மெக்கானிக், ஏணியைச் சாத்துமுன்பே சிரித்தார். "கேமராவுல ஒரு கோளாறும் இல்லை சார். மழைக்காலம் வந்தா எல்லா வீட்லயும் இதே கதைதான்."

ஓர் ஈசல் பூதமாகும் ரகசியம் இதுதான்: இருளிலும் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கேமராவின் கண்ணைச் சுற்றிலும் பதித்திருக்கும் சிறு எல்.இ.டி.க்கள், மனிதக் கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத 850 நானோமீட்டர் அகச்சிவப்புக் கிரணங்களைப் பொழிகின்றன. ஒளியின் உக்கிரமோ தூரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறைவது. பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள மதிற்சுவரைக் காட்டிலும், இருபது சென்டிமீட்டரில் பறக்கும் ஈசலின் மேல் விழும் வெளிச்சம் 2,500 மடங்கு. போதாக்குறைக்கு, அத்தனை கிட்டத்தில் உருவம் குவியாமல் ஊதிப் பெருக்கிறது. ஒற்றை இழை ஒட்டடைகூடக் காற்றில் ஆடும்போது வெள்ளித் தூணாகத் தெரிவது இதனால்தான்.

இதில் ஒரு விநோதம். புற ஊதா, நீலம், பச்சை ஆகிய ஒளிகளையே பெரும்பாலும் காணும் பூச்சிகளுக்கு இந்த அகச்சிவப்பு தெரிவதில்லை. அவற்றை அழைப்பது பக்கத்தில் நாம் எரியவிடும் வெள்ளை விளக்கு. விட்டில் விளக்கின்மேல் மோகம் கொண்டு விழுகிறது என்பது நம் கவிகளின் சித்தாந்தம். 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியோ, வானத்தின் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கும் பூச்சி, விளக்கை வானமென்று மயங்கி, அதற்கும் முதுகைச் சாய்த்துச் சாய்த்தே சுற்றிச் சிக்கிக்கொள்கிறது என்று காட்டியது. மோகம் அன்று, திக்பிரமை. பூச்சி கூடுமிடத்தில் சிலந்தி குடியேறுகிறது; மழை படாத கேமரா மூடியைவிட உத்தமமான மாளிகை அதற்கு வேறு எது?

ஆகவே, கண்ணையும் விளக்கையும் பிரித்துவைப்பதே சிறந்த உபாயம். கேமராவின் அகச்சிவப்பை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை இரண்டு மீட்டராவது தள்ளி மாட்டினால், கண்ணருகே பறப்பவை பூதமாவதில்லை. இரவிலும் வண்ணப்படம் தருவதாகச் சொல்லி வெள்ளை விளக்குடன் விற்கப்படும் கேமராக்கள், என் அபிப்பிராயத்தில், ஈசலுக்கு நாமே பத்திரிகை வைத்து அழைப்பது போலத்தான். வாசல் விளக்கு மஞ்சளாகவும் கேமராவை விட்டுத் தள்ளியும் இருக்கட்டும். மனித உருவத்தைக் கண்டால் மட்டும் மணியடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்; வீண் மணி பெரிதும் குறையும்.

வேப்பெண்ணெய் பூசச் சொல்வோர் உண்டு. கண்ணாடியில் பட்டால் தூசு அப்பிக்கொள்ளும் என்பதால் நான் துணியவில்லை. பூச்சி மருந்து அடிப்பதும் உசிதமன்று. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக் முகப்பை மங்கச் செய்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் பிறகு நித்தியத் தேவையாக எஞ்சுவது, பரணில் கிடக்கும் ஒட்டடைக் குச்சி. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஒட்டடையோடு கேமரா மூடியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் கண்ணாடியையும் துடைக்கிறேன். நீங்களும் துடைப்பதானால், கீழே ஏணியைப் பிடிக்க ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.