குழந்தையின் ஆசனத்தை முன்நோக்கித் திருப்புவது எப்போது?

எம்மவர் வீடுகளில் குழந்தையின் முதலாவது பிறந்தநாள் சிறிய நிகழ்வன்று. மண்டபம் எடுத்து, உற்றார் உறவினரை அழைத்து, ரொறன்ரோவிலிருந்து மாமன்மாரும் சித்திமாரும் வந்து சேர, விமரிசையாகக் கொண்டாடுகின்றோம். தத்தித் தத்தி நடை பழகும் பிள்ளையைக் காணுகையில், அது வளர்ந்துவிட்டது என்ற பெருமிதம் பெற்றோர் உள்ளத்தில் எழுகின்றது. அந்தப் பெருமிதத்தோடு இன்னொரு காரியமும் பல குடும்பங்களில் நடந்துவிடுகின்றது. அதுவரை காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பூட்டியிருந்த குழந்தை ஆசனம், அதாவது நாம் எல்லோரும் ‘கார் சீற்’ என்று சொல்லும் அந்த இருக்கை, முன்புறத்தைப் பார்க்கத் திருப்பப்படுகின்றது. “ஒரு வயதாகிவிட்டது, இனி எங்களைப் போல முன்னுக்குப் பார்த்து இருக்கட்டும்” என்று பெரியவர்களும் ஆமோதிக்கின்றனர்.

இந்த முடிவைப் பிறந்தநாள் தீர்மானிக்கலாமா? கூடாது என்பதே இன்றைய மருத்துவர்களதும் வாகனப் பாதுகாப்பு அறிஞர்களதும் விடை. பிள்ளையின் கழுத்து எவ்வளவு உறுதி பெற்றிருக்கின்றது, ஆசனம் எவ்வளவு நிறையையும் உயரத்தையும் தாங்கும் என்ற இரண்டுமே இதனைத் தீர்மானிக்க வேண்டியவை. இவற்றில் முதலாவதை நாம் கண்ணாற் காண முடியாது. இரண்டாவது ஆசனத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றது.

சட்டம் கூறுவது

கியூபெக் மாகாணத்தின் வீதிப் பாதுகாப்புச் சட்டப்படி, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி முதல், 145 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டும் வரை அல்லது 9 வயது நிறையும் வரை பிள்ளை தனக்குரிய ஆசனத்திலேயே பயணஞ் செய்தல் வேண்டும். அந்த ஆசனம் பிள்ளையின் நிறைக்கும் உயரத்துக்கும் பொருத்தமானதாக இருக்க வேண்டும். அதனைத் தயாரித்த நிறுவனத்தின் அறிவுறுத்தலின்படியே பூட்டவும் வேண்டும். ஆசனத்தை இத்தனை வயதில் முன்நோக்கித் திருப்புக என்று இச்சட்டம் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு தயாரிப்பாளரின் அறிவுறுத்தலுக்கும் பெற்றோரின் விவேகத்துக்கும் விடப்பட்டுள்ளது.

கனடாவின் மத்திய தரவிதிப்படி, 10 கிலோகிராம், அதாவது 22 இறாத்தல் நிறையை எட்டாத பிள்ளையை முன்நோக்கி இருத்துதல் ஆகாது. இதனைப் பலர் தவறாக விளங்கிக் கொள்கின்றனர். 10 கிலோ வந்ததும் திருப்பிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதற்கு முன் எக்காரணங் கொண்டும் திருப்பலாகாது என்பதே பொருள். பரீட்சையில் சித்தியடைவதற்கான மிகக் குறைந்த புள்ளியையே எம் பிள்ளைகள் பெற வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் விரும்புவதில்லையே!

கழுத்தும் தலையும்

பின்நோக்கி இருப்பதால் வரும் நன்மையைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக் கொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் எதிலோ மோதி, ஒரு நொடியின் பத்திலொரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகின்றது என வைத்துக் கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவர் மீது அவரது நிறையைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு விசை தொழிற்படும். 10 கிலோ நிறையுள்ள பிள்ளை 140 கிலோ நிறையுள்ளது போலாகி முன்னே பாயும். மடியில் வைத்து இறுக அணைத்திருக்கும் தாயின் கைகளால் அதனைத் தடுத்து நிறுத்த முடியாது. ஊரில் சைக்கிள் பாரில் சிறிய ஆசனம் பூட்டிப் பிள்ளையை ஏற்றிச் சென்றோம்; பேருந்தில் மடியில் வைத்துச் சென்றோம். ஆனால் அந்தச் சைக்கிளின் வேகம் வேறு, 40ஆம் இலக்க நெடுஞ்சாலையின் வேகம் வேறு.

குழந்தையின் உடலமைப்பு பெரியவர்களின் உடலமைப்பைச் சிறிதாக்கியதன்று. பெரியவர் ஒருவரின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ அது நாலிலொரு பங்கு. பாரமான அந்தத் தலையைத் தாங்கும் கழுத்து முள்ளெலும்புகள் முழு எலும்பாக இன்னும் இறுகவில்லை. ஒவ்வொரு முள்ளெலும்பும் கசியிழையத்தால் இணைந்த துண்டுகளாகவே இருக்கின்றது. அத்துண்டுகள் ஒன்றாகிக் கெட்டிப்பட மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை செல்லும்.

முன்நோக்கி இருக்கும் பிள்ளையை மோதலின்போது தோள்பட்டிகள் தடுத்து நிறுத்துகின்றன. உடல் நிற்கின்றது, ஆனால் தலை நிற்பதில்லை. அது முன்னே எறியப்பட, கழுத்து இழுபடுகின்றது. அதனுள்ளே செல்லும் முண்ணாணும் இழுபடக்கூடும். பின்நோக்கி இருக்கும் பிள்ளையின் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஆசனத்தின் முதுகுப்புறத்தில் ஒருசேரப் பதிகின்றன. விசை முதுகு முழுவதும் பரவுவதால் கழுத்து தனித்து இழுபடுவதில்லை. பல்லும் நடையும் வந்துவிட்ட பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டியதே. ஏனெனில் நடக்கப் பழகிய கால் கழுத்தெலும்பை இறுக்குவதில்லை.

விண்வெளியிலிருந்து வந்த யோசனை

இந்த யோசனை சுவீடன் நாட்டில் உருவாயிற்று. கோதன்பேர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பேர்ட்டில் ஆல்ட்மன், அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஜெமினி விண்கலத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி அந்தப் பெருவிசையைத் தாங்குவதைக் கவனித்தார். குழந்தைகளுக்கும் இம்முறை பொருந்தும் என்று எண்ணிப் பின்நோக்கிய ஆசனத்தை வடிவமைத்தார். 1964ஆம் ஆண்டில் அதன் முதல் மாதிரி வொல்வோ காரொன்றில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கத்தால் சுவீடன் நாட்டுப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயது வரையும் பின்நோக்கியே பயணஞ் செய்கின்றனர். அங்கு கார் விபத்துக்களில் சிறு குழந்தைகள் உயிரிழப்பது மிகக் குறைவு.

‘ஒரு வயது’ என்ற எண்ணம் எம்மிடம் எப்படி வந்தது? முன்னைய நாட்களில் வட அமெரிக்க மருத்துவர்களே ஒரு வயதையும் குறைந்தபட்ச நிறையையும் எல்லையாகச் சொல்லி வந்தனர். தொண்ணூறுகளில் இங்கு பிள்ளை பெற்ற எமது தலைமுறைக்குச் சொல்லப்பட்டதும் அதுதான். ஆனால் அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011ஆம் ஆண்டில் அந்த எல்லையை இரண்டு வயதாக உயர்த்தியது. 2018ஆம் ஆண்டில் வயதைச் சொல்வதையே விட்டு, ஆசனம் அனுமதிக்கும் உச்ச நிறையோ உயரமோ வரும் வரை இயன்றவரை நீண்ட காலம் பின்நோக்கியே இருத்துக என்றது. ஐரோப்பாவில் 2013ஆம் ஆண்டு முதல் வந்த புதிய விதிக்கமைந்த ஆசனங்களில் 15 மாதத்துக்கு முன் திருப்பக் கூடாது. இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவினர் தொலைபேசியில் 15 மாதம் என்று சொல்வது இதனாலேயே. அதுவும் கீழெல்லையே தவிர மேலெல்லையன்று.

நேர்மையாக ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். பின்நோக்கிய ஆசனம் ஐந்து மடங்கு பாதுகாப்பானது என்று பலர் இன்றும் கூறுவர். 2007இல் வெளியான ஆய்வொன்றே அதற்கு ஆதாரம். புள்ளிவிபரக் கணிப்பிற் பிழைகள் காணப்பட்டதால் அவ்வாய்வு பின்னர் மீளப் பெறப்பட்டது. 2018இல் வெளிவந்த மறு ஆய்வில், ஆசனத்தில் முறையாக இருத்தப்பட்ட சிறு பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் காயமடைவது மிக அரிது என்றும், பின்நோக்கி இருந்தோரிடம் அது இன்னும் குறைவாகத் தோன்றினாலும் உறுதியாகக் கூற எண்ணிக்கை போதாது என்றும் காணப்பட்டது. ஆகவே ஏற்கெனவே திருப்பிவிட்ட பெற்றோர் பதறத் தேவையில்லை. பிள்ளை இன்னும் பின்நோக்கிய எல்லைக்குள் இருந்தால் மீண்டும் திருப்பிக் கொள்ளலாம். ஐந்து மடங்கு என்ற எண் போனாலும், கழுத்தைப் பற்றிய உண்மை போய்விடவில்லை.

வீட்டில் எழும் ஆட்சேபங்கள்

“காலை மடக்கிக்கொண்டு பிள்ளை எவ்வளவு கஷ்டப்படுகின்றது!” என்பது அப்பம்மாவும் அம்மம்மாவும் சொல்லும் முதல் ஆட்சேபம். அது அன்பினால் வரும் வார்த்தை. ஆயினும் சம்மணமிட்டு இருப்பது சிறு பிள்ளைக்குச் சிரமமன்று என்பதை அவர்களே நன்கு அறிவர். பின்நோக்கி இருப்பதால் விபத்திற் கால் முறிவதும் அரிது. முன்நோக்கி இருக்கையில் கால்கள் வீசப்பட்டு முன்னிருக்கையின் முதுகில் அடிபடுவதே கூடுதலாக நிகழக்கூடியது.

“முகம் தெரியவில்லை, அழுகின்றது” என்பது தாய்மார் சொல்வது. அழுகை மனத்தை உலுக்குவதுதான். ஆயினும் ஆசனத்தின் திசையை மாற்றினால் அழுகை நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. ரொறன்ரோவுக்கான 540 கிலோமீற்றர் பயணத்தில் இரண்டு தடவை கூடுதலாக நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்து ஆறுதற்படுத்துவது நல்ல வழி.

“ஆசனம் சிறுத்துவிட்டது” என்பது மூன்றாவது. இங்கேதான் பெரும்பாலும் தவறு நேர்கின்றது. கைபிடியோடு தூக்கிச் செல்லும் கூடை போன்ற ஆசனம் சிறுத்துவிட்டால், அடுத்த படி முன்நோக்கித் திருப்புவதன்று. இரு பக்கமும் பூட்டக்கூடிய பெரிய ஆசனமொன்றை வாங்கி, அதனையும் பின்நோக்கியே பூட்டுவதாகும். அத்தகைய ஆசனங்கள் பல, பின்நோக்கிய நிலையில் 18 கிலோ, அதாவது 40 இறாத்தல் வரை ஏற்கும். சில அதற்கு மேலும் ஏற்கும்.

மொன்றியலின் குளிர்காலமும் எம்மை ஏமாற்றும். தடித்த பனியுடையோடு பிள்ளையை இருத்தும்போது பட்டி எட்டாது. ஆசனம் போதாது என்று தோன்றும். உண்மையில் போதாமற் போனது ஆசனமன்று, உடுப்புத்தான் மிகையானது. மோதலின்போது அந்தத் தடித்த உடுப்பு நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். ஆகவே மேலங்கியைக் கழற்றிப் பட்டியை இறுக்கியபின் போர்வையால் மூடுவதே முறை.

திருப்பும் நாள் வரும்போது

ஆசனத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்ட சீட்டில், பின்நோக்கிய நிலைக்கான உச்ச நிறையும் உயரமும் தனியாகத் தரப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றைப் பிள்ளை எட்டினாலும், பிள்ளையின் உச்சந்தலைக்கும் ஆசனத்தின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 சென்ரிமீற்றர் இடைவெளி இல்லாமற் போனாலும் அந்த ஆசனத்திற் பின்நோக்கிய காலம் முடிந்தது எனக் கொள்ளலாம். உங்கள் ஆசனத்தின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதனையே பின்பற்றுக. அறிவுறுத்தல் கைநூல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அவை எமக்குக் கடினமாயின், பாடசாலையிற் பிரெஞ்சு படிக்கும் மூத்த பிள்ளையை அருகே இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கையின் உயிரைக் காக்கும் பணியில் அதற்கும் பங்கு கிடைக்கட்டும்.

திருப்பும்போது ஆசனத்தைச் சும்மா மறுபக்கம் வைத்துவிடுதல் போதாது. தோள்பட்டி, பின்நோக்கிய நிலையிற் பிள்ளையின் தோள் மட்டத்தில் அல்லது அதற்குக் கீழிருந்து வரவேண்டும். முன்நோக்கிய நிலையில் தோள் மட்டத்தில் அல்லது அதற்கு மேலிருந்து வரவேண்டும். காரின் பட்டி ஆசனத்தினூடே செல்லும் வழியும் மாறும். ஆசனத்தின் மேற்புறத்துப் பட்டியைக் காரின் கொளுவியில் மாட்டி இறுக்குதல் கனடாவில் இன்றியமையாதது. இறுக்கிய பின், பட்டி செல்லும் இடத்திற் பிடித்து அசைத்தால் ஆசனம் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசையலாகாது. ஒருபோதும் பின்நோக்கிய ஆசனத்தைக் காற்றுப்பை தொழிற்படும் முன்னிருக்கையில் வைத்தலாகாது.

வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் ஆசனத்தில் கனடாவின் மேப்பிள் இலைப் பாதுகாப்பு முத்திரை இல்லையெனில் இங்கு பாவிக்க முடியாது. கைமாறி வரும் ஆசனமாயின் காலாவதித் திகதியையும், அது விபத்திற் சிக்கியதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஐயமிருப்பின், கியூபெக் வாகனக் காப்புறுதிச் சபையும் சி.ஏ.ஏ. கியூபெக் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஆசனப் பரிசோதனை நிலையங்களை நாடலாம். முதற்பிள்ளை பெறுவோர்க்கு இம்மாகாணத்தில் இலவசமாக வழங்கப்படும் குழந்தை வளர்ப்புக் கைநூலிலும் இதுபற்றிக் கூறப்பட்டுள்ளது.

வாசகப் பெற்றோரே, இந்த மண்ணில் எம் பிள்ளைகள் சீக்கிரம் வளர வேண்டும், சீக்கிரம் படிக்க வேண்டும், சீக்கிரம் முன்னேற வேண்டும் என்று நாம் எல்லாவற்றிலும் அவசரப்படுகின்றோம். இந்த ஒன்றில் மட்டும் பிந்துவது நன்று. கூட்டாளியின் பிள்ளை முன்னுக்குப் பார்த்து இருக்கின்றது என்பதற்காக எம் பிள்ளையைத் திருப்ப வேண்டியதில்லை. அடுத்த தடவை டொலார்ட் டி ஓர்மோ முருகன் கோயிலுக்குப் புறப்படும் முன், காரின் கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உள்ள இரண்டு எண்களையும் வாசித்துப் பாருங்கள். பிள்ளையின் நிறையும் உயரமும் அவற்றுக்குக் கீழே இருக்குமாயின், இன்னுஞ் சில காலம் அது உங்களைப் பாராமல் பின்கண்ணாடியைப் பார்த்தே வரட்டும்.